என்னைச் சாக்கு சொல்லாதீங்க

சனிக்கிழமை காலைகளில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போவேன். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் எங்கள் குழுவுக்கு ஓர் அறை உண்டு. பார்வையில்லாதவர்கள் கேட்பதற்காகத் தமிழ்ப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறோம். கீழே மிக்சி ஓடாத நேரமாகப் பார்த்து வாசிக்க வேண்டும்.

பதிவுகளை வெட்டி ஒட்டிச் சீராக்குவது என் தோழி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். வார நாட்களில் ஒரு வங்கியின் தொலைபேசிச் சேவையில் வேலை செய்கிறாள். கணினித் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலை அசுர வேகத்தில் ஓடவிட்டு, ஒரு காதில் அதையும் மறு காதில் எங்கள் வாசிப்பையும் கேட்டுக்கொண்டே வெட்டுவாள். மழையை நான் ‘மலை’ என்று வாசித்துவிட்டால், "திரும்ப வாசி லா. வானத்துலேர்ந்து மலை விழுந்தா நாம எல்லாரும் காலி" என்பாள்.

எங்களோடு வாசிக்கிறவர்களில் செராஸிலிருந்து வரும் விரிவுரையாளர் ஒருவர் உண்டு. எங்களைவிட மூத்தவர், எல்லாருக்கும் அக்கா. ஒரு சனிக்கிழமை அவர் மைக்கின் முன்னால் உட்காரவே இல்லை. நாங்கள் மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் பதிவு மென்பொருளை உருவாக்கிய நிறுவனம், போர் நடத்திக்கொண்டிருக்கும் ஒரு ராணுவத்துக்கும் ஆட்களைக் கண்காணிக்கும் தொழில்நுட்பத்தை விற்கிறதாம்.

"நம்ம சந்தா எங்க போகுதுன்னு தெரிஞ்ச பிறகு என்னால இதுல வாசிக்க முடியலை," என்றார்.

எங்களில் ஒருவர், "நாம மாறலாம்க்கா. ஆனா இவங்களுக்கு வேற எதுவும் சரியா வராதே. பார்வையில்லாதவங்க பயன்படுத்துற மாதிரி இருக்கிறது இது ஒண்ணுதானே," என்று என் தோழியைக் காட்டினார். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. என் முகத்திலும் வந்திருக்கும்.

அவள் காதில் இருந்ததைக் கழற்றினாள். "என்னைச் சாக்கு சொல்லாதீங்க. இருக்கணும்னா இருங்க, போகணும்னா போங்க. காரணம் உங்களோடதா இருக்கட்டும். எனக்கு எது வரும், எது வராதுன்னு நான் சொல்றேன்."

சந்தாவை நிறுத்தினோம். பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து உருவாக்கும் ஓர் இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டோம். எனக்கு அது சுலபமாகவே இருந்தது. அவள் திறந்தபோது கணினிக் குரல், "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே சொன்னது. எது வெட்டுவது, எது அழிப்பது என்று அதற்குத் தெரியவில்லை. உருவாக்கியவர்கள் பட்டன்களுக்குப் படம் போட்டிருந்தார்கள், பெயர் வைக்கவில்லை.

நானாக இருந்தால் அன்றே மூடி வைத்திருப்பேன். அவள் அந்த மென்பொருள்காரர்களின் பொதுமன்றத்தில் எழுத ஆரம்பித்தாள். எந்தப் பட்டன் ஊமை, எந்த இடத்தில் சிக்கிக்கொண்டு வெளியே வரமுடியவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதினாள். தன் காதில் விழுவதை அப்படியே பதிவு செய்தும் அனுப்பினாள். முதலில் பதிலே இல்லை. பிறகு குளிர்நாடு ஒன்றிலிருந்து ஒருவர், "இதைக் கேட்கும்வரை எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று எழுதினார். புதிய பதிப்பு வர வர, பட்டன்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தன.

இதற்கிடையில் எங்கள் வேலை படுத்துவிட்டது. டெங்கிலில் இருக்கும் நேயர் ஒருவர் அவளை அழைத்து, நாங்கள் வாசித்துவந்த நாவல் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டார். தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்று நான் சைகை செய்யப்போய், அவளிடம் சைகையா என்று கையை இறக்கினேன். அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "நல்ல காரியம்தாம்மா. ஆனா கதாநாயகி இன்னும் பஸ் ஸ்டாண்டுலயே நிக்குறா. கொஞ்சம் சீக்கிரம் லா," என்றார் அவர்.

ஒருவழியாக எல்லாம் ஓட ஆரம்பித்தபோது அக்காவிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. அந்த இலவச மென்பொருளை உருவாக்குகிறவர்களில் முக்கியமான ஒருவர், படகில் தப்பி வரும் அகதிகளைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்று பகிரங்கமாக எழுதியிருந்தார். கீழே கடையில் வாழையிலை போட்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா பாதிச் சோற்றோடு இலையை மடித்தார்.

"இப்ப எங்க போறது?" என்றார்.

என் தோழி அன்று காலையிலேயே அதே பொதுமன்றத்தில் எழுதிவிட்டிருந்தாள். "நானும் கப்பலில் வந்தவர்களின் குடும்பம்தான், நீங்கள் எழுதியது என்னைப் பற்றியும்தான்" என்று. அந்த ஆள் பதில் போடவில்லை.

"நான் இதுலயே இருக்கேன்க்கா," என்றாள். "அவனுக்கு நம்ம காசு போகலை. நம்ம குரலும் போகலை. பட்டனுக்குப் பேரு வச்சது அவன் மட்டும் இல்ல, நானும்தான். அவன் பேசினதுக்காக என் இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"என்னால அப்படிப் பிரிச்சுப் பார்க்க முடியலை," என்றார் அக்கா.

"பரவாயில்ல. நான் சொல்றது தப்பாகூட இருக்கலாம்." பிறகு தன் கைப்பேசியை எடுத்து மேசையில் வைத்தாள். "இன்னொண்ணும் சொல்லிடுறேன். நாம விட்டுட்டு வந்த கம்பெனியோட ஆப் இதுல இருக்கு. மருந்துப் பெட்டியைக் காட்டினா என்ன மருந்துன்னு சொல்லும். இதுக்கு மாத்து இன்னும் கிடைக்கல. என்னால விட முடியலை. விட்டுட்டேன்னு பொய் சொல்லவும் மாட்டேன்."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் யாரையும் ஒப்புக்கொள்ள வைக்கவில்லை. அக்கா இப்போது தன் வீட்டிலேயே சின்ன ரெக்கார்டரில் பதிவு செய்து கொண்டுவருகிறார். அதைத் தோழி அந்த இலவச மென்பொருளில் வெட்டுகிறாள். இருவருக்கும் அதில் வருத்தமில்லை.

கொள்கை பேசுகிற பலரை எனக்குத் தெரியும். தன் கொள்கை எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதை யாரும் கேட்காமலே எடுத்து வைத்தவளை அன்றுதான் பார்த்தேன்.

நாவல் போன மாதம் முடிந்தது. அதே வாரம், கேள்விப்படாத ஓர் ஊரிலிருந்து பார்வையில்லாத ஒருவர் அவளுக்கு எழுதியிருந்தார். இத்தனை நாள் வெட்டித் தரச்சொல்லித் தம்பியைக் கெஞ்சிக்கொண்டிருந்தாராம், பட்டன்கள் பெயர் சொல்வதால் இப்போது தன் ஊர் வானொலி நிகழ்ச்சியைத் தானே வெட்டுகிறாராம். அவள் அதைக் கைப்பேசியில் இரண்டு முறை படிக்கவைத்துக் கேட்டாள். என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"கீழ போய்ப் பாரு," என்றாள், "ரசம் தீர்ந்துடப் போகுது."