புழு வராத பாட்டில்கள்

என் ஊறுகாய் பாட்டில்களை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய் வராந்தாவில் வைத்துவிட்டு, திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கை கழுவிய கெமிஸ்ட்ரி டீச்சர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். பாட்டில்களுக்குள் மசித்த வாழைப்பழமும் பழ ஈக்களும் இருந்தன. சங்கரன்கோவிலில் நான் விலங்கியல் எடுக்கும் பெண்கள் பள்ளியில் இரண்டு பாடத்துக்கும் ஒரே ஆய்வகம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. குப்பைத்தொட்டி மாதிரி நாறுகிறது என்று அவர் பிள்ளைகள் முன்னாலேயே சொன்னார். அவரை எனக்குப் பிடிக்காது, என்னை அவருக்குப் பிடிக்காது. இருவரும் அதை மறைத்ததும் இல்லை. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், ஒரு சொல் பேசாமல்.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்கைத் தேர்வு நடத்தும்போது, இதையெல்லாம் யார் கண்ணால் பார்த்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நாமே பார்க்கலாம் என்றேன். பட்டினியைத் தாங்கிப் பிழைத்த ஈக்களின் வாரிசுகள் மற்ற ஈக்களைவிட அதிக நேரம் பட்டினி தாங்கும் என்பது எங்கள் கருதுகோள். பாதி பாட்டில்களில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஈரப் பஞ்சைத் தவிர ஒன்றும் கொடுக்க மாட்டோம். பாதி ஈக்கள் செத்ததும் மிஞ்சியவற்றுக்கு உணவு வைத்து முட்டையிட விடுவோம். மறு பாதி பாட்டில்களைப் பட்டினி போடாமல் அப்படியே வளர்ப்போம். வாரிசுகள் தாங்காவிட்டால் கருதுகோள் தவறு. அதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். முதல் நாளே இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

ஜூன் கடைசியில் தொடங்கினோம். மேற்கே சாரல் பெய்துகொண்டிருந்ததால் ஆய்வகத்து ஜன்னல்களில் நல்ல காற்று. ஆறாம் தலைமுறையில் பட்டினி வம்சத்து ஈக்கள் சற்றுக் கூடுதலாகத் தாங்குவதுபோல் தெரிந்தது. பிள்ளைகள் காலையில் பைகளைக்கூட இறக்காமல் பாட்டில்களிடம் ஓடினார்கள்.

செப்டம்பரில் எல்லாம் நின்றது. ஈக்கள் உயிரோடு இருந்தன, முட்டையும் இட்டிருந்தன, ஆனால் எந்தப் பாட்டிலிலும் ஒரு புழுகூட வரவில்லை. அதே வாரம்தான் கெமிஸ்ட்ரி செய்முறை வகுப்புகள் தொடங்கியிருந்தன. அறை முழுக்க அமோனியா நெடி, அழுகிய முட்டை நாற்றம். செய்முறைக்கு மேசைகளைக் காலி செய்ததில் என் பாட்டில்கள் அவருடைய மேசைக்குப் பக்கத்து அலமாரிக்கு மாறியிருந்தன. எனக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. மூன்று மாத வேலையை வேண்டுமென்றே கெடுத்துவிட்டார் என்று தலைமையாசிரியையிடம் எழுத்தில் புகார் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், எழுதும்போது மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு மெமோ கொடுத்து விளக்கம் கேட்டார்கள்.

அன்று மாலை அவர் நேராக என்னிடம் வந்தார்.

"பிள்ளைகளுக்கு நீங்க என்ன படிச்சுக் குடுக்கீங்க டீச்சர்? ஒண்ணை மாத்திப் பாக்கணும்னா மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்னுதானே? சாரக்காத்து நின்னதும் இதே வாரந்தான். இந்தக் கூரைக்குக் கீழ நாமளே வெந்துபோய் நிக்கோம். அதைப் பாத்தீங்களா? இல்ல, என் மூஞ்சியை மட்டும் பாத்தீங்களா?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் பொய் சொல்கிறார் என்று காட்டத்தான் அந்தச் சோதனையைச் செய்தேன். மிச்சமிருந்த ஈக்களைப் பிரித்தேன். ஒரு பங்கை அதே ஆய்வகத்தில், அவருடைய மேசைக்குப் பக்கத்திலேயே, ஈர மணலில் இறக்கிய மண்பானைக்குள் வைத்தேன். ரசாயனப் புகை உண்டு, சூடு இல்லை. இன்னொரு பங்கை என் வீட்டு மொட்டைமாடி அறையில் வைத்தேன். சூடு உண்டு, புகை இல்லை. புகைதான் காரணம் என்றால் வீட்டுப் பாட்டிலில் புழு வர வேண்டும், பானையில் வரக் கூடாது.

எட்டாம் நாள் பானைக்குள் புழுக்கள் நெளிந்தன. வீட்டில் ஒன்றும் இல்லை. அளவுக்கு மீறிய சூட்டில் ஆண் ஈக்கள் மலடாகிவிடும் என்று பிறகு தேடிப் படித்தேன். ஈக்களோடு வேலை செய்கிற எவரும் முதலில் அறிந்திருக்க வேண்டிய விஷயம்.

பத்தாம் நாள் தலைமையாசிரியையிடம் போய்ப் புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அது மேலே போய்விட்டது என்றார். தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள் எங்கே போனதோ, அடுத்த மாதம் கெமிஸ்ட்ரி டீச்சருக்கு வாசுதேவநல்லூர்ப் பக்கம் மாறுதல் வந்தது. கடைசி நாள் அவர் மேசையைக் காலி செய்தபோது நான் மூன்றடி தள்ளி நின்றேன். அவரிடம் சொல்லவில்லை. அந்த நாக்கு என்ன சொல்லும் என்ற பயம், அதைவிட அவர் சரியாகச் சொல்லிவிட்டாரே என்ற எரிச்சல்.

மண்பானைகளில் ஈக்கள் தழைத்தன. பிப்ரவரிக்குள் பட்டினி வம்சம் தெளிவாகவே அதிக நேரம் தாங்கியது, கருதுகோள் நின்றது. பள்ளிக் கண்காட்சியில் பிள்ளைகள் படம் வரைந்து விளக்கினார்கள், பெற்றோர்கள் கைதட்டினார்கள். மண்பானை யோசனை எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டபோது, வெயிலைக் கவனித்தேன் என்றேன்.

ஐந்து வருடம் கழித்து, போன மாதம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது, மற்றபடி அதே நிமிர்ந்த நிற்பு. நானே போய்ச் சொன்னேன்: அன்றைக்குத் தப்பு என் பக்கம்தான், வெயில்தான் காரணம் என்று.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமே," என்றார். "ஒங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"பத்து நாள்ல."

ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"பத்து நாள்ல ஈக்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டீங்க. என்கிட்ட சொல்ல அஞ்சு வருசம்."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கீழேயே நின்றேன். பஸ் கிளம்பும்வரை என் பக்கம் திரும்பவில்லை. இன்றும் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குக் காரணமாக அவர் செய்தது என்று எதைச் சொல்வது என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்; ஒன்றும் அகப்படவில்லை.