மஞ்சள் சீல்

தெருவில் அவருக்குப் பெயர் 'புஸ்ஸு'. வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாகத் தீயணைப்பான் மாட்டுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பதினெட்டு வருஷமாக அதே வேலை, அதே பேச்சு. "ஊசியை இழு. வாசல் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஆறடி தள்ளி நின்னு நெருப்போட அடியில அடி." வீட்டுக்கு வந்த விருந்தாளியையும் விடமாட்டார். மனைவிக்கு எல்லாமே மனப்பாடம். கூடவே இன்னொன்றும்: "ஊசியில மஞ்சள் சீல் இருக்கான்னு பாரு. சீல் இல்லாததை நம்பாதே."

அவரிடம் ஒரு பயிற்சி சிலிண்டர் உண்டு. உள்ளே பவுடர் கிடையாது. வெறும் தண்ணீரும் காற்றும். பவுடர் இல்லாததால் மனைவிக்கு அது 'காலி சிலிண்டர்'. ஆபீஸ்களில் தட்டில் காகிதத்தைக் கொளுத்தி, இதை வைத்துத்தான் அணைத்துக் காட்டுவார். நித்தம் ஊசியை இழுப்பதால் அதற்கு சீல் கிடையாது. மற்றபடி வீட்டில் மாட்டியிருக்கும் நிஜ சிலிண்டரும் அதுவும் அச்சு அசல் ஒன்றுதான்.

"அதுக்காவது வேற பெயின்ட் அடிச்சுத் தொலைங்களேன்" என்று மனைவிக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"நீலமா இருந்தா எவன் நம்புவான்? சிவப்பா இருந்தாத்தாம்மா மரியாதை" என்பார். பெரிய மேதாவி!

அன்று காலை ஓர் ஆபீஸின் மொட்டை மாடியில் இருபது பேர் சுற்றி நின்றார்கள். தட்டில் தீ எரிந்தது. அவர் வழக்கமான ஜோக்கைச் சொல்லிவிட்டு ஊசியை இழுத்தார். 'டக்' என்று ஏதோ அறுந்தது. செருப்பின் மேல் மஞ்சளாக ஒரு துண்டு விழுந்தது.

சீல்.

நேற்று சாயங்காலம் இரண்டையும் கீழே இறக்கித் துடைத்தவர் அவர்தான். நடுவில் போன் வந்தது. பேசிக்கொண்டே ஒன்றைச் சமையலறை வாசலில் மாட்டினார், மற்றதைப் பையில் வைத்தார். அப்படியென்றால் வீட்டில் தொங்குவது தண்ணீர். இன்றைக்கோ மனைவி கடைக்கு சிப்ஸ் போடும் நாள். அடுப்பில் சட்டி நிறைய எண்ணெய். எரிகிற எண்ணெயில் தண்ணீர் பட்டால் தீ கூரை வரைக்கும் எகிறி ஆளையே மூடிவிடும். ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் இவர்!

தட்டில் எரிந்ததைப் பவுடர் அடித்து அணைத்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். அவர் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார். நாலு முறை போன் அடித்தும் அவள் எடுக்கவில்லை. ஐயோ, பாவி, என்ன காரியம் செய்தேன் என்று ஆட்டோவில் வாய்விட்டே புலம்பினார்.

வீட்டு வாசல் திறந்து கிடந்தது. உள்ளே கரிநாற்றம். அடுப்புக்கு மேலே சுவர் கன்னங்கரேலென்று இருந்தது. சட்டியின் மேல் மூடி. மனைவி வாசலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தச் சிவப்பு சிலிண்டர்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணுமில்லைங்க. போன் எடுக்கப் போனேன், அதுக்குள்ள சட்டி பத்திக்கிச்சு. நீங்க சொன்ன மாதிரியே தள்ளி நின்னு, ஊசியை இழுத்து, குழாயை நீட்டிட்டேன். அப்பத்தான் தோணிச்சு, சீல் அறுந்த சத்தமே கேக்கலையேன்னு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "சரி, நம்மாளு காலி சிலிண்டரை மாட்டிட்டாருன்னு கீழ வெச்சுட்டு, காஸை அணைச்சு மூடியைத் தள்ளி மூடிட்டேன். ஊருக்கு உபதேசம், வீட்டுல காலி சிலிண்டர்!"

அவர் அவள் எதிரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"காலி இல்லம்மா."

"பின்னே?"

"தண்ணி."

அவளுடைய சிரிப்பு நின்றுபோயிற்று. கரிபிடித்த சுவரைப் பார்த்தாள். பிறகு, சிலிண்டரின் கைப்பிடியை அழுத்தப் போன தன் வலது கையை மடியில் வைத்து, இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.