பத்தொன்பது வெற்று சிடிகள்

செங்கல்பட்டில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஒரு டைப்பிங் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். பத்தாம் வகுப்பும் தமிழ் டைப்ரைட்டிங் லோயரும்தான் என் படிப்பு. கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் நான், இன்னொன்றில் கோவளத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒருவன். என்னைவிட ஆறு வயது இளையவன். என்னை அண்ணாத்த என்று கூப்பிடுவான். எனக்கு வெளி ஆட்களிடம் பேச வராது. எனக்கும் சேர்த்து அவன்தான் பேசுவான். "எங்க அண்ணாத்த வாயத் தொறந்தா கரண்ட்டு பூடும், நீ எங்கிட்ட சொல்லு" என்பான். வந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

பத்திரத்துக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்களில் வைரஸ் வரும். சில மாதங்களுக்கு ஒருமுறை சர்வீஸ்காரர் வந்து கம்ப்யூட்டரை பார்மட் செய்துவிட்டுப் போவார். தமிழ் டைப் அடிக்கும் சாஃப்ட்வேர், ஃபான்ட்டுகள், பிரின்டருக்கும் ஸ்கேனருக்கும் உரியவை என்று எல்லாம் போய்விடும். மறுபடி ஒவ்வொன்றாக டவுன்லோட் செய்ய வேண்டும். மழை தூறினாலே லைன் அறுந்துவிடும். முக்கால்வாசி இறங்கிய பிறகு அறுந்தால் திரும்ப முதலிலிருந்து. காத்திருப்பது எனக்குக் கஷ்டமில்லை என்பதால் அது என் வேலையாயிற்று.

ஒருநாள் அந்தத் தமிழ் சாஃப்ட்வேரை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த பக்கம் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. கொடுத்தவர் யாரோ, மூடிவிட்டுப் போய்விட்டார். நல்லவேளையாக, இறக்கி வைத்தது அவன் கம்ப்யூட்டரில் இருந்தது. அதற்கப்புறம்தான் எல்லாவற்றையும் சிடியில் போட்டு வைக்க ஆரம்பித்தோம்.

சிடி ரைட்டர் அவன் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. அதனால் ரைட் செய்வது அவன் வேலை. மேலே பேர் எழுதுவது என் வேலை, என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால். ரைட் செய்த சிடியின் மேல் பேனாவை அழுத்தினால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும் என்று அவன் எங்கேயோ கேட்டிருந்தான். ஆகவே வெற்று சிடியிலேயே முதலில் நான் பேர் எழுதிக் கொடுப்பேன். பிறகு அவன் ரைட் செய்வான். இதுதான் எங்கள் வழக்கம்.

முதலாளி கடையை மூடப்போவதாகச் சொன்ன மாதம், அவன்தான் யோசனை சொன்னான்.

"ரெண்டு செட்டா போட்டுக்கலாம் அண்ணாத்த. உன் வூட்ல ஒண்ணு, என் வூட்ல ஒண்ணு. இங்க ஏரி ஒடஞ்சா அங்க கீது. அங்க கடல் வந்தா இங்க கீது."

நாற்பது சிடிகளில் பேர் எழுதினேன். ஒரு செட்டுக்கு இருபது. பிரின்டர் ஒன்றாம் எண், தமிழ் சாஃப்ட்வேரும் ஃபான்ட்டும் இரண்டாம் எண், அப்படியே வரிசையாக. கடையின் கடைசி நாளில் அவன் என் செட்டை ஜிப் வைத்த பையில் போட்டுக் கொடுத்தான். ஒன்றாம் எண்ணை எடுத்து டிரைவில் போட்டுத் திறந்தும் காட்டினான். உள்ளே எல்லாம் வரிசையாக இருந்தது.

"பாத்துக்கினியா? கொண்டும்போய் பீரோல வையி. சும்மா சும்மா வெளிய எடுக்காத, கீறல் வுழுந்தா அத்தோட போச்சு."

நான் அப்படியே செய்தேன். வீட்டுப் பட்டாவுக்கும் என் மனைவியின் பள்ளிக்கூட சர்டிபிகேட்டுக்கும் நடுவில் அந்தப் பை இருந்தது. பொங்கலுக்கு பீரோவைத் துடைக்கும்போதுகூட அதை நானேதான் தூக்கி வைப்பேன்.

அவன் மாமல்லபுரத்தில் கடை போட்டான். நான் கடையின் பழைய கம்ப்யூட்டரை வாங்கி, செங்கல்பட்டிலேயே ஒரு மேஜை போடும் அளவுக்கு ஒரு இடம் பிடித்தேன். தீபாவளிக்கு அவன் போன் செய்வான். மற்ற நாட்களில் நானாகப் போன் செய்கிற பழக்கம் இல்லை.

போன மழையில் என் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் எதையும் மீட்க முடியாது என்று சர்வீஸ்காரர் சொன்னார். நான் பதறவில்லை. "வீட்டில் இருபது சிடி வைத்திருக்கிறேன்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புது ஹார்ட் டிஸ்க் மாட்டிய அந்த வாரம்தான் வேடந்தாங்கல் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். சில வருடங்களுக்கு முன் அவரும் இரண்டு தம்பிகளும் தங்கையும் என் மேஜை முன்னால் உட்கார்ந்து, மூன்று வாரம் வார்த்தை வார்த்தையாகச் சண்டை போட்டு, ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் வரைவுக்கு ஒப்புக்கொண்டார்கள். கிணற்றுக்கு யார் எந்தப் பக்கமாகப் போவது என்ற ஒரு வரிக்கே இரண்டு நாள் ஆனது. அப்புறம் தங்கை வீட்டுக்காரர் படுத்த படுக்கையானதால் பதிவு தள்ளிப்போயிற்று. எடுத்த பிரின்ட் வீடு இடித்துக் கட்டும்போது காணாமல் போய்விட்டது. இப்போது வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டாகிவிட்டது.

"புச்சா அடிக்காத நைனா, அதே தான் ஓணும். ஒரு வார்த்த மாறுனாலும் சின்னவன் எந்திரிச்சிப் பூடுவான். திரும்ப குந்த வைக்க என்னால ஆவாது" என்றார்.

அந்த வரைவு என்னிடம் பத்திரமாக இருந்தது. தனியாக வந்த பிறகு ஒரு ரைட்டர் வாங்கி, ஆட்களின் பத்திரங்களை நானே சிடியில் போட்டு வைத்திருந்தேன். திறந்தேன். ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தது. அந்தப் பழைய ஃபான்ட் இல்லாமல் அது தமிழாகத் தெரியாது. இரண்டாம் எண் சிடியை எடுத்து வர வீட்டுக்கு நடந்தேன்.

பையோடு கடைக்குத் திரும்பி, முதலில் ஒன்றாம் எண்ணைப் போட்டேன். திறந்தது. இரண்டாம் எண்ணைப் போட்டேன். டிரைவ் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, சிடி காலியாக இருக்கிறது என்றது. துடைத்துப் போட்டேன். மூன்றைப் போட்டேன், நான்கைப் போட்டேன். ஐந்தாவதைப் போடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தேன். ரைட் செய்த சிடியில் நடு ஓட்டையைச் சுற்றி நிறம் கொஞ்சம் மங்கி வளையம் தெரியும். எவ்வளவு ரைட் ஆகியிருக்கிறதோ அவ்வளவு அகலம். அந்த வேலையில் இருக்கிற எவருக்கும் அது தெரியும். ஒன்றாம் எண்ணில் வளையம் இருந்தது. மற்ற பத்தொன்பதிலும் இல்லை. கடையிலிருந்து வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, மேலே என் கையெழுத்தோடு மட்டும் இருந்தன.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழி முழுக்க அவனுக்காக நானே காரணம் தேடினேன். ரைட்டர் பழுதாகியிருக்கும். இரண்டு செட்டும் மாறியிருக்கும். அவனுக்கே தெரியாமல் இருக்கும்.

அவன் கடை நன்றாக இருந்தது. லாட்ஜ்காரர் ஒருவர் பிரின்டுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"அடடே, அண்ணாத்த. கடலு பாக்க வந்தியா, என்னிய பாக்க வந்தியா? குந்து, குந்து. டீ சொல்றேன்."

அவன் கம்ப்யூட்டரின் மூலையில் அந்தத் தமிழ் சாஃப்ட்வேரின் குறி தெரிந்தது. லாட்ஜ்காரர் போகும்வரை காத்திருந்தேன். பிறகு பையைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் நினைத்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

"ஒண்ணுதான் தொறக்குது" என்றேன்.

அவன் ஒரு சிடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். உடனே சிரித்துவிட்டான்.

"இத்தினி வருசம் கயிச்சி இப்பத்தான் எடுத்தியா?"

பையை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

"இல்ல அண்ணாத்த, அன்னிக்கு டைமே இல்ல. மொதலாளி வேற மிசின எடுக்கணும்னு நின்னுகினு கீறாரு. ஒரு செட்டு போட்டதே பெரும்பாடு. பேஜாராப் போச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ மூஞ்சத் தொங்கப் போட்டுக்குவ. எப்படியும் நீ தொறக்க மாட்டன்னு தெரியும். வெச்சா வெச்ச எடத்துல வெக்கிற ஆளு நீ."

டீ வந்தது. அவன் என் பக்கம் ஒரு கிளாஸைத் தள்ளினான். நேரமில்லை என்பதை நான் நம்பியிருப்பேன். ஆனால் ஒன்றாம் எண்ணை ரைட் செய்ய அவனுக்கு நேரம் இருந்தது. எதை டிரைவில் போட்டுக் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதை மட்டும் ரைட் செய்திருக்கிறான். தொடாதே, கீறல் விழும் என்று சொன்னதும் அதே வாய்தான். பதினோரு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தது இதற்குத்தான் உதவியிருக்கிறது.

அவன் செட்டு அலமாரியில் இருந்தது. அதிலும் என் கையெழுத்துதான்.

"இப்ப இன்னா, பென் டிரைவ் கொண்டாந்தியா? அஞ்சு நிமிசத்துல போட்டுத் தரேன்."

எழுந்து வந்துவிட வேண்டும் போல இருந்தது. வியாழக்கிழமையும், தம்பியை மறுபடி உட்கார வைக்க முடியாத அந்த மனிதரும் நினைவுக்கு வந்தார்கள். பையிலிருந்து இரண்டாம் எண்ணை எடுத்து நீட்டினேன்.

"இதுலயே போடு."

"இத்தயா? இது எந்தக் காலத்து சிடி."

"இதுலயே போடு" என்றேன்.

பழைய ரைட்டரை அவன் இன்னும் கழற்றவில்லை. போட்டான். பாதியில் நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. முடிந்து வெளியே வந்ததும் வாங்கி, வாசல் வெயிலில் அவன் கண் முன்னாலேயே திருப்பிப் பிடித்தேன். ஓட்டையைச் சுற்றி வளையம் இருந்தது. சிடியைத் திரும்பவும் அவனிடம் கொடுத்தேன்.

"உள்ள போட்டுத் தொற."

"நான் போட்டுக் குடுத்தத என்னிக்கு நீ..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். டிரைவில் போட்டுத் திறந்தான். நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஃபான்ட்டாகத் திறக்கச் சொன்னேன். திறந்ததும் அடுத்தது என்றேன். இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். என் டீயில் ஆடை படிந்தது.

"இன்னா அண்ணாத்த, நம்ப மாட்டியா என்னிய?" என்றான். குரலில் சிரிப்பு இருந்தது, முகத்தில் இல்லை.

"அடுத்தத தொற" என்றேன்.