ஒற்றை ஆள் நின்ற கோல்

எங்கள் தோட்டத்துக் கால்பந்துக் குழு முடிந்துபோன நாள், தைப்பூசத்துக்கு முந்திய சனிக்கிழமை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு நான் வந்து அது மூன்றாவது தைப்பூசம். சுங்கை லாலாங்கில் இருந்த அப்பாவும் அம்மாவும் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பிய பிறகு, நான் மட்டும் இங்கே நாற்று மேடை வேலைக்கு வந்தேன். கூலியாள்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறை எனக்கு. மற்ற நாள்களில் யாராவது என்னிடம் பேசினால் அது வேலையைப் பற்றித்தான். சனிக்கிழமை மாலை மட்டும், நான் கோல்கீப்பர் என்பதால், குழு முழுக்க என் பேரைச் சொல்லிக் கத்தும்.

குழுவை உண்டாக்கியவர் தோட்டத்தின் பழைய முதலாளி. துரை என்போம். எங்களுக்குச் சட்டையோ பூட்ஸோ அவர் வாங்கித் தந்ததில்லை, வெறுங்காலோடு ஆடினோம். ஆட்டம் பார்க்கவும் எப்போதாவதுதான் வருவார். ஆனால் ஆட்டமுள்ள நாளில் ஆள்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு அவரே வந்து நின்று, பந்தாடுகிறவர்களுக்குத் திடலை ஒட்டிய மர நிரைகளை மாற்றிக் கொடுப்பார். மத்தியானத்துக்குப் பின் சொட்டும் இரண்டாம் பாலை எடுக்க அவர்கள் திரும்பிப் போக வேண்டியதில்லை. வேறு ஆள்கள் எடுப்பார்கள். பக்கத்துத் தோட்டங்களையெல்லாம் நாங்கள் தோற்கடித்த காலம் அது.

துரை உடம்புக்கு முடியாமல் சீமைக்குப் போனார். தோட்டம் கைமாறியது. புதிய துரைக்குப் பந்தாட்டத்தில் எங்களைவிட ஆசை. வந்த சூட்டோடு பச்சைச் சட்டை, பூட்ஸ், புதுப் பந்து எல்லாம் வாங்கினார். எங்கள் நடுவில் நின்று படம் பிடித்துக்கொண்டார். பூட்ஸ் போட்டு ஓட வராததால், அவற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திடலுக்குப் போனோம். நிரை மாற்றும் வழக்கம் மட்டும் அவருக்குத் தெரியாது. சொல்லிப் பார்க்கலாமா என்று கேப்டனிடம் கேட்டேன்.

"பூட்ஸு வாங்கிக் குடுத்த மனுசன்கிட்ட வேலையக் கொறைன்னு போய் நிக்கிறதா? வெக்கமா இல்ல? சும்மா இருடா தம்பி."

அதற்குப் பிறகு, இரண்டாம் பால் எடுக்கப் போனவர்கள் நேரத்துக்கு வந்து சேராமல், ஏழு பேர், எட்டுப் பேர் என்று ஆடித் தோற்றோம். அந்தச் சனிக்கிழமையும் ஆள் சேராவிட்டால் போட்டியிலிருந்தே எங்களை எடுத்துவிடுவார்கள் என்று தகவல் வந்திருந்தது.

அன்று காலையில் பருவம் தப்பிய மழை. மரம் காய்ந்து பால் வெட்டுவதற்கே நேரமாகிவிட்டது. நாற்று மேடையில் வேலை முடிந்து நான் ஒருவன் மட்டும் கோலில் நின்றேன். எதிரே பாடாங் மேஹா தோட்டத்துக் குழு, முழுசாக.

"என்னாடா, ஒங்க ஆளுங்கல்லாம் பால் வாளிக்குள்ள விழுந்துட்டானுங்களா?"

"நீயே அடி, நீயே புடிலா!"

நடுவர் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர், யாழ்ப்பாணத்துக்காரர். ரப்பர் காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் விசிலை எடுத்தார். வராத குழுவின் கோலில் வந்தவர்கள் ஒரு பந்தை அடித்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்கள் கேப்டன் மெதுவாகத்தான் அடித்தார். நான் பாய்ந்து பிடித்துவிட்டேன். சிரித்தார்கள். மறுபடி, இம்முறை பலமாக அடித்தார். அதையும் பிடித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

டிரெசர் என் பக்கத்தில் வந்தார். "விடும் தம்பி. நீர் விட்டால்தானே அவங்கள் வீட்ட போகலாம்."

அடுத்த பந்துக்கு விலகி நின்றேன்.

பொழுது சாயும்போது எங்கள் ஆள்கள் வந்தார்கள், பால் வாடையோடு, கழுத்தில் பூட்ஸோடு.

"எத்தன?" என்றார் கேப்டன்.

"ஒன்னு."

"ஒன்னுதானா? பரவால்லியே!" என்று என் முதுகில் தட்டிவிட்டுக் குளிக்கப் போனார். மற்றவர்களும் போனார்கள். அவரவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

இவ்வளவு செய்தும் ஆட ஆள் வரவில்லையே என்று புதிய துரை வருத்தப்பட்டாராம். உண்மையான வருத்தம்தான் என்று நினைக்கிறேன். அடுத்த மழைக்காலத்தில் திடலிலும் ரப்பர் நடச் சொன்னார். கன்றுகள் என் மேடையிலிருந்துதான் போயின. கோல் இருந்த இடத்தில் நானே நட்டேன். வெயில் காய்ந்த நாள்களில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் எனக்கே வந்தது. அதனால் சனிக்கிழமை மாலைகளில் அங்கேதான் இருந்தேன். யாரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.