அப்பாவுக்குப் பன்மை

உத்தமபாளையத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பிளஸ் ஒன் மாணவி. சடை நுனியைப் பேனாவில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, பஸ் ஜன்னலைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஏதோ மந்திரம் என்று நினைத்தேன். கேட்டால், ஸ்பானிஷ். பள்ளிக்கூடத்தில் இந்திக்குப் பதில் அதை எடுத்திருக்கிறாளாம்.

மடியில் திருத்திய பரீட்சைத்தாள். ‘மி பாத்ரே வினியேரோன்’ என்ற வரியில் மட்டும் சிவப்பு வட்டம்.

“இதுல என்னம்மா தப்பு?”

“எங்கப்பா வந்தாகன்னு எழுதியிருக்கேன்க்கா. வினியேரோன் போட்டா நெறையப் பேரு வந்த மாதிரி ஆயிருமாம். ஒருத்தருக்கு வினோதான் போடணுமாம்.”

“அப்ப வினோன்னே போட வேண்டியதுதான?”

“எங்கப்பா வந்தான்னு எப்படிக்கா எழுதுறது?”

மூன்று பரீட்சையிலும் இதே இடத்தில்தான் மார்க் போயிற்றாம். விதி அவளுக்கு நன்றாகவே தெரியும். கைதான் எழுத மாட்டேன் என்கிறது.

“அந்த நாட்டுல எல்லாரும் அப்படித்தான சொல்றாக?”

“சொல்லட்டும்க்கா. அது அவுக அப்பா.”

அந்தச் சிவப்பு வட்டத்தை இன்னொரு தரம் பார்த்தேன்.

சின்னமனூர் வந்தது. “எங்கப்பா வந்துட்டாக” என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். எட்டிப் பார்த்தேன். வாழைக்கறை படிந்த சட்டையில் ஒல்லியாக ஒரு மனிதர், மகளைக் கண்டதும் மொபெட்டின் பின்சீட்டைத் துண்டால் துடைத்தார்.

ஆள் ஒருவர்தான். ஆனாலும் அந்த வட்டத்தை நான் போட்டிருப்பேனா என்று தேனி வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.