தேசம்மாவின் நிக்கோபார்

எங்கள் சாந்தோம் குப்பத்தில் நிக்கோபார் தீவைப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் என் பக்கத்துக் குடிசைக்காரி தேசம்மாவைக் கேட்டால் அதன் மூலைமுடுக்கெல்லாம் சொல்வாள். முப்பத்தொன்றாம் வருஷம் ஆடிக்காற்றில், தனியாகக் கடலுக்குப் போன அவள் புருஷன் மிக்கேலைக் கட்டுமரத்தோடு கிழக்கே அடித்துக்கொண்டு போய்விட்டது. கட்டுமரம் முழுகாது. அதனால் அவனும் கிழக்கே இருக்கும் அந்தத் தீவில் கரையேறியிருப்பான் என்று நம்பினாள்.

பங்குச் சாமியார் மிக்கேலின் ஆன்மாவுக்குப் பூசை வைக்கலாம் என்றார். "உசுரோட கீற ஆளுக்கு இன்னாத்துக்கு சாமி பூசை?" என்று சீறினாள். தாலியைக் கழற்றச் சொன்ன மாமியாரோடு பேச்சையே விட்டாள். எனக்கே எரிச்சலாக வரும்.

சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் எங்களிடம் மீன் வாங்கும் அப்துல் கஃபார், நிக்கோபாரிலிருந்து கொப்பரை ஏற்றிவரும் கப்பலில் வேலை பார்ப்பவர். அவரைக் கண்டால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

"அங்க தண்ணி கீதா பாய்?"

"எங்க கப்பல் போற தீவுல மலை, ஆறு ஒண்ணும் கெடையாது தங்கச்சி. தட்டையான பூமி, சுத்தி வெள்ளை மணலு. எங்க பார்த்தாலும் தென்னை. தாகம்னா எளநிதான்."

"சோறு?"

"நெல்லு வெளையாது. தாழம்பழத்த வேகவெச்சு அரைச்சுத் துண்ணுவாங்க."

"அய்யோ, எங்கூட்டு ஆளுக்கு அது வயித்துக்கு ஒத்துக்காதே!"

வீடுகள் கவிழ்த்த கூடைபோல உருண்டையாம், உயரமான கால்கள்மேல் நிற்குமாம், ராத்திரியில் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம். துணிக்கும் அரிசிக்கும் தேங்காயைத்தான் கொடுப்பார்களாம். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "புது ஆளை அடிப்பாங்களா?" என்பாள். "சேச்சே, சோறு போடுவாங்க" என்பார் அவர்.

மிக்கேல் தன் கட்டுமரத்தில் செதுக்கியிருந்த சிலுவையையும் மீனையும் அவருக்கு மணலில் வரைந்து காட்டியிருந்தாள். அடுத்த தடவை அவர் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"அதே குறி, தங்கச்சி! என் கண்ணால பார்த்தேன். கரைல ஒதுங்குன மரத்த ஒரு வூட்டுக்கடியில வெச்சிகீறாங்க!"

தேசம்மா அழுதுகொண்டே சிரித்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஆளு?"

"வேற ஊருப்பக்கம் போயிருக்கும். மரம் பத்திரமா கீது. ஒரு முடிச்சுகூட அவுரல. கட்டுனது கட்டுனபடி ஒதுங்கிச்சாம்."

அவள் முகம் வெளிறிவிட்டது.

கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடாதவன் எங்கள் கரையில் இல்லை. ஈரம் ஊறினால் மரம் கனத்துவிடும். ஒருமுறை மிக்கேல் கடுங்காய்ச்சலோடு வந்தான். நிற்க முடியாமல் முட்டிபோட்டு எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிட்டுத்தான் மணலில் விழுந்தான்.

"ஒருவேள ரொம்ப முடியாம..." என்று இழுத்தேன்.

"சும்மா இரு ஜெசிந்தா. எங்கூட்டு ஆளு கரையேறல."

கஃபார் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். அவரிடம் எப்படிச் சொல்வது? மீன்கூடையை அங்கேயே விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினேன். அவள் சாந்தோம் வரை நிற்காமல் நடந்தாள். கோயில் வாசலில் சாமியாரைப் பார்த்ததும், "பூசை வைங்க சாமி" என்றாள்.

தாலியை அவளே கழற்றப் பார்த்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. நான்தான் அவிழ்த்துவிட்டேன்.