தலைமாட்டில் ஒரு சிலிக்கான் சில்லு

நான் ஐந்தாவது படித்தபோது என் அத்தை, அப்பாவின் தங்கை, சேதராப்பட்டில் சோலார் தகடு செய்யும் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் அங்கே குப்பைக்குப் போகவிருந்த உடைந்த சில்லு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். கட்டைவிரல் நகம் அகலம் இருக்கும், கருநீலமாகப் பளபளத்தது.

"இது சிலிக்கான்டி. உள்ளார அணுவெல்லாம் வைரத்துல இருக்கிற மாதிரியே அடுக்கியிருக்கும்" என்றாள். கெமிஸ்ட்ரி படித்தவள், சரியாகத்தான் சொல்லியிருப்பாள்.

எனக்கோ வைரம் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, வாங்குமுன் சில நாள் தலைமாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், ஒத்துக்கொள்ளாவிட்டால் நடக்கிற நல்ல காரியமும் நின்றுபோகும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். எங்கள் வீட்டில் பொட்டு வைரம் கிடையாது என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க அரியூரிலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கரும்பு நிலம், டிராக்டர் எல்லாம் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்றார்களாம். அப்பா அதற்கும் தலையாட்டிவிட்டார். அத்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் எழுந்து ஓடுவேன், சில்லு எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன், திரும்பி வந்து உட்காருவேன். சனிக்கிழமை தாங்க முடியாமல் அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அத ஏரில தூக்கிப் போட்டுடு அத்தை. ஒத்துக்கலன்னா உன் கல்யாணம் நின்னுடும்!"

"நெசமாவாடி?" என்று கேட்டாள். மறுநாள் காலை பார்த்தால், அடப்பாவமே, சில்லு அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது!

வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிடும்போது மாப்பிள்ளையின் அம்மா, "வேலைய வுட்டுடுவ இல்லமா?" என்று கேட்டார்.

"வுட மாட்டங்க" என்றாள் அத்தை.

அவ்வளவுதான். காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். அப்பா வீடு அதிரக் கத்தினார். அம்மா மூக்கைச் சிந்தினாள். நான் அத்தையிடம் ஓடினேன். "அப்பவே சொன்னேன்ல, ஒத்துக்கல!"

அத்தை சில்லை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "எனுக்கு ஒத்துக்கிச்சுடி லூசு" என்று சிரித்தாள்.

பாவம், அழுகையை அடக்கிக்கொண்டு எனக்காகச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் பங்குக்கும் சேர்த்து நானே அழுது தீர்த்தேன்.